பாலு போட்ட காப்பி

பாரீசுக்கு வெளியே என் மகள் குடியிருக்கும் கட்டடத்தில் எதிர்வீட்டுக்காரர் மிஷேல். நான் புதுச்சேரியில் விட்டுப் போயிருந்த என் மகன் பாலுவுக்கு இருக்கும் அதே மனச்சிதைவு நோய் அவருக்கும். தனியாகத்தான் இருக்கிறார். வாரம் ஒருநாள் ஒரு நர்ஸ் வருவாள். கோட்டுக்குப் பித்தான் போட அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் நானே போய்ப் போட்டுவிட்டேன். "லெஸே, மதாம்" என்றாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்து அடுத்த பித்தானையும் போட்டேன். மகள்தான் வந்து என்னை இழுத்தாள். "விடுங்கன்னு சொல்றாங்கம்மா. நீ போட்டுவிட்டா நாளைக்கு அவருக்கு அது வராதாம்." சும்மா நிற்பதற்கு ஒரு சம்பளமா என்று எனக்குக் கோபம்.

கோபம் ஆறியபோது புதுச்சேரியில் சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீடு ஞாபகம் வந்தது. வெளியே சொல்லக் கூச்சம்தான். இப்படிப் பிள்ளை வைத்திருக்கிற நம் ஊர்த் தாய்மாருக்காக எழுதுகிறேன். பாலுவுக்கு இருபது வயதில் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. மாத்திரையில் அவை அடங்கின, ஆனால் ஆளே மந்தமாகிவிட்டான். கை நடுங்கும், எந்த வேலையும் பாதியில் நின்றுபோகும். சின்னச் சின்ன வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அஞ்சாவது படித்த எனக்கு அது இரக்கமில்லாத பேச்சாகப் பட்டது. கடைக்கு அனுப்பினால் தெருவில் கேலி செய்வார்களே! குளிப்பாட்டினேன், சோறு பிசைந்து ஊட்டினேன், மீசை நரைக்கத் தொடங்கிய பிறகும். ஒருநாள் அவனாகவே துடைப்பத்தை எடுத்து வாசல் பெருக்கினான். ஆம்பளைப் பிள்ளை வாசல் பெருக்குவதைத் தெரு பார்க்குமே என்று பிடுங்கிவிட்டேன். "நல்லாத்தானம்மா பெருக்கினேன்" என்றான். அதற்கப்புறம் அவன் எதையும் எடுக்கவில்லை. நோய் விட்டுவைத்ததை நான் பிடுங்கிக்கொண்டேன்.

மகளுக்குப் பிரசவம் என்று நான் விமானம் ஏறியபோது என் நாத்தனார் சரசு அவனோடு வந்து தங்கினாள். மூன்று வருஷம் ஆகிவிட்டது. போன் கார்டு தீருமட்டும் "சாப்ட்டியா, மாத்திரை போட்டியா" என்றுதான் கேட்டேனே தவிர, என்ன செய்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இனி அவனோடேயே இருந்துவிடலாம் என்று இப்போது புதுச்சேரிக்குத் திரும்பி வந்தேன். வந்ததும் புடவைகளை அலமாரியில் அடுக்கினேன். பாலு அடுப்படிக்குப் போய்ப் பால் வைத்தான். அது பொங்கி வழிந்த சத்தம் கேட்டு எழுந்தேன்.

"உக்காரு அண்ணி," சரசு கையைப் பிடித்தாள். "பொங்கினா தொடச்சிக்குவான். தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்துக்குப் போயி மீனே வாங்கியாறான். என்னை ஏமாத்துற மீன்காரிங்களால அவன ஏமாத்த முடியல."

"எங்கிட்ட ஒரு துரும்பக்கூட நகத்த மாட்டானேடி."

"நீ எங்க நகத்த விட்ட?"

விருந்தாளிக்குக் கொடுக்கும் டம்ளரில் காப்பி வந்தது, அநியாயத் தித்திப்பாக. நான் குடித்து முடிக்கும்வரை பாலு நின்றான்.

"திரும்ப ஊருக்கு எப்பம்மா போற?"

இங்கேயே இருக்கத்தான் வந்தேன் என்று வாய்வரை வந்தது. அதற்குள் என் முந்தானை அவன் மோவாயில் ஒட்டியிருந்த பால் துளியைத் துடைத்துக்கொண்டிருந்தது. அவனும் கைகளைத் தொங்கவிட்டு, சின்னப் பிள்ளைபோல முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான். பழையபடி ஆகிவிடுவானோ என்று பயந்து கையை எடுத்தேன்.

"மாசக் கடைசியில போறேன்பா."

"அதுக்குள்ள ஒருநாள் மீன் கொழம்பு வக்கிறேன்."

சாயங்காலம் புடவைகளைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். ஒன்றை மட்டும் அலமாரியிலேயே விட்டேன்.