ரயில் ஏறி வந்த எல்லை

என்னை வீட்டைவிட்டுத் துரத்தியபோது என் அப்பா ஊர் எல்லையைத் துணைக்குக் கூப்பிட்டார். "இந்த ஊரு எல்லைய இனிமே நீ மிதிக்கக் கூடாது" என்றார். வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லியிருந்தால் கொல்லைப்பக்கமாக வந்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் எல்லையைப் பிடித்தார்.

நான் செய்த குற்றம், அரக்கோணத்தில் ரயில் எஞ்சினுக்குக் கரி போடும் ஒரு தெலுங்குக்காரரைக் கட்டிக்கொண்டது. வேறு சாதி, வேறு பாஷை, போதாததற்குக் கறுத்த கை. இத்தனைக்கும் கிருத்திகை தவறாமல் மலையேறி என் அப்பா கும்பிடும் சாமி, வேடர் வீட்டுப் பெண்ணை அவள் வீட்டாருக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு வந்தவர். அவர் கோபம் தணிந்து உட்கார்ந்த மலைதான் எங்கள் திருத்தணி என்று வேறு சொல்கிறார்கள். சாமிக்குத் தணிந்தது. அடிவாரத்தில் இருந்த என் அப்பாவுக்கு மூன்று வருஷமாகத் தணியவில்லை. அதற்குள் எனக்கு ஒரு பையன் பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். என் அம்மா இன்னும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றதையெல்லாம் மன்னித்தாலும் அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

யுத்த காலம் அது. சர்க்கார் கணக்கில் திருத்தணி சித்தூர் ஜில்லா, அரக்கோணம் வட ஆற்காடு. ஆனால் அரக்கோணத்தில் விமானத் திடல் போட ஆள் எடுத்தார்கள், ரயில்வேயில் ஆள் எடுத்தார்கள். குண்டு விழும் என்று பட்டணத்திலிருந்து மூட்டை முடிச்சோடு ஓடி வந்தவர்கள் இரண்டு ஊரிலும் மாட்டுக் கொட்டகையைக்கூட விடாமல் வாடகைக்குப் பிடித்தார்கள். காலை பாசஞ்சரில் பாதித் திருத்தணி அரக்கோணத்தில் வந்து இறங்கும். கத்திரிக்காய்க் கூடை, மல்லிகைப்பூ, தயிர்ப்பானை, கொத்தனார், சித்தாள் என்று பிளாட்பாரம் கொள்ளாது. சாயங்காலம் அதே வண்டியில் மண்ணெண்ணெயும் பட்டணத்து வதந்தியும் திரும்பிப் போகும். சாலையிலும் அந்தப் பக்கமிருந்து ஒரு டீக்கடை, இந்தப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் கடை என்று இரண்டு ஊரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தன. நடுவில் வயல்கள் மட்டும் பிடிவாதமாக நின்றன, என் அப்பாவுடையதும் சேர்த்து.

என் தம்பியும் அந்த பாசஞ்சரில்தான் வருவான். லோகோ ஷெட்டில் தற்காலிக வேலை. மத்தியானச் சாப்பாடு என் வீட்டில். அப்பாவுக்கு இது தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தார். எஞ்சினுக்குக் கரி போடுகிறவன் மருமகனாக வந்தால் கேவலம். அதே எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிற மகனைப் பற்றி மட்டும், "எம் புள்ள ரயில்வேல கீறான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

ஆடி மாதம் கங்கையம்மன் ஜாத்திரை வந்தது. ஊர்ப் பெரியதனம் என்பதால் முதல் காப்பு என் அப்பா கையில்தான் கட்டுவார்கள். கட்டிவிட்டால் கூழ் ஊற்றி முடிகிறவரை ஊரார் யாரும் எல்லை தாண்டக் கூடாது. முன்பெல்லாம் எல்லை தாண்டிப் போய்ச் செய்ய யாருக்கும் ஒரு வேலையும் இருந்ததில்லை, அதனால் எல்லோரும் பயபக்தியோடு இருந்தார்கள். இந்த வருஷம் கதை வேறு. யுத்த நேரத்தில் ஒரு வாரம் வராதவன் அப்புறம் வரவே வேண்டாம் என்று ஷெட் மேஸ்திரி சொல்லிவிட்டார்.

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"போனா அம்மன் கண்ணக் குத்தும். போவலன்னா மேஸ்திரி சீட்டக் கிழிப்பான். நான் இன்னாக்கா பண்றது?"

"எல்ல எங்கடா கீது?"

"ரயில்வே கேட்டாண்ட. பூசாரி பொலி எறைக்கிற எடம்தான்."

பொலி என்பது ஆட்டு ரத்தம் பிசைந்த சோறு. அதைப் பூசாரி எதுவரை இறைக்கிறாரோ அதுவரை ஊர்.

"நம்ம தாத்தா காலத்துல ஏரிக்கரையாண்ட தான இருந்துது? புதுத் தெரு வந்ததும் கேட்டுக்கு வரலியா? இன்னும் கொஞ்சம் நவுந்தா அம்மன் வாணான்னு சொல்லுமா?"

"எதுவரைக்கும் நவுத்தச் சொல்ற?"

"ஒன் ஷெட்டு வரைக்கும்."

ஷெட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அவன் யோசிக்கவில்லை. ரயில்வே குடியிருப்பு இருந்தது. தண்டவாளத்தை ஒட்டிய வீடு என்னுடையது. நான் யோசித்திருந்தேன்.

தம்பி போய்ச் சொன்னதும் அப்பா இரண்டு நாள் உறுமினாராம். பிறகு தயிர்க்காரிகளும் கொத்தனார்களும் கூட்டமாக வந்து வீட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். மகன் வேலை போகிற கவலை அவருக்கும் உள்ளூர அரித்தது. மூன்றாம் நாள், "ஊரு வளந்தா எல்லையும் வளரும், எங்க நைனா காலத்துலயே வளந்துது" என்று தானே கண்டுபிடித்த மாதிரி அறிவித்தார். பூசாரி, முட்டி வலி, அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றார். அதனால் அம்மன் எல்லை ரயிலேறியது.

எல்லை என்றால் ஊரைச் சுற்றிப் போட வேண்டும். ரயில் சுற்றாது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சாயங்கால வண்டியில் பூசாரி ஜன்னலோரம் உட்கார்ந்து கூடையிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக வெளியே இறைத்துக்கொண்டு வந்தாராம். பக்கத்தில் அப்பா, எதிரே பம்பைக்காரர். அரிசிக்கு நாங்கள் கடைவாசலில் வரிசை கட்டி நின்ற காலம். சோறு போகிற போக்கைப் பார்த்த பட்டணத்து மாமி ஒருத்தி வயிறெரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். டிக்கெட் பரிசோதகர் வந்து பூசாரியிடம், "கூடையில என்ன?" என்று கேட்டார். பொலி இறைத்து முடிகிறவரை பூசாரி பேசக் கூடாது. அவர் பதிலுக்கு இன்னொரு கைப்பிடி அள்ளி வீசினார்.

"அவரு பேச மாட்டாருங்க. ஊருக்கு எல்ல போட்டுகினு கீறாரு" என்றார் அப்பா.

"எந்த ஊருக்கு?"

"அரக்கோணத்தயும் சேத்துக்கினோம்."

பரிசோதகர் ரத்தச் சோறு தன் வெள்ளைக் கால்சட்டையில் படாமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாராம். இதெல்லாம் தம்பி சொன்னது. மீதியை நானே பார்த்தேன். மிலிட்டரி வண்டிக்கு வழிவிடுவதற்காக, சிக்னல் கைகாட்டி விழாமல், பாசஞ்சர் எங்கள் கொல்லைப்பக்கம் வந்து நின்றது. நான் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பொலிச் சோறு வந்து என் தலையிலும் பையன் தோளிலும் விழுந்தது. நிமிர்ந்தால் ஜன்னலில் அப்பா. அவர் என்னைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பிறகு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மெலிந்திருந்தார். கைகாட்டி விழுந்தது, வண்டி ஷெட்டைப் பார்த்து நகர்ந்தது.

அன்று வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார்: "இன்னிக்கு உங்க அம்மனுக்கு நான்தான் கரி போட்டேன்."

அரக்கோணத்தில் புகைச்சல் இல்லாமல் இல்லை. இங்கே எங்களுக்கு என்று ஒரு அம்மன் இருக்கிறாள், திருத்தணிக்காரர்கள் யார் எங்களைச் சேர்த்துக்கொள்ள என்று சிலர் குதித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "வெள்ளிக்கெழம நான் மெட்ராஸ் போவணும், போலாமா கூடாதா?" என்று கவலையோடு வந்து கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? அம்மனைக் கேள் என்று அனுப்பிவிட்டேன். தம்பியும் தயிர்க்காரிகளும் நிம்மதியாக வேலைக்கு வந்து போனார்கள்.

நான் மட்டும் உடனே கிளம்பவில்லை. எனக்கு வாய்தான் நீளம். அப்பா எல்லோர் முன்னாலும் திரும்பிப் போ என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அம்மாவைப் பார்க்க வேறு வழியே இல்லை என்று பயந்தேன். கூழ் ஊற்றும் நாளன்று, இனி இதைவிட்டால் எல்லை மறுபடி கேட்டுக்கே போய்விடும் என்று தோன்றியபோதுதான் பையனைத் தூக்கிக்கொண்டு பாசஞ்சர் ஏறினேன்.

கோவில் முன்னால் கூழ்ப் பானைகள் வரிசையாக இருந்தன. அப்பா மஞ்சள் காப்புக் கையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது.

"எல்லைய மிதிக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"ஆங், சொன்ன. மிதிக்கலியே நைனா. நான் எல்லைக்கு உள்ள தான குடியிருக்கேன். நீதான சோறு போட்டு உள்ள சேத்துக்கின."

இல்லை என்று அவர் சொன்னால் என் தம்பியும் பாதி ஊரும் ஒரு வாரமாக அம்மனுக்குத் துரோகம் செய்தவர்கள் ஆகிவிடுவார்கள். தயிர்க்காரிகள் அப்பா வாயையே பார்த்தார்கள். பூசாரி வேப்பிலையை எண்ணுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். அப்பா கையிலிருந்த காப்பைத் திருகினார்.

"எல்லைக்குள்ள இருக்கறவ, காப்புக் கட்டி இத்தினி நாளா கோவிலுக்கு வராம எங்கடி போயிருந்த?" என்று அதட்டினார்.

பதிலுக்குப் பதில் பேசியே வளர்ந்தவள் நான். நடுத்தெருவில் நின்று அழுதேன். அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைக் கண்டுகொள்ளாமல் பையனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவன் எங்க? அவனும் எல்லைக்குள்ள தான கீறான்?" என்றார் அப்பா தம்பியிடம், என்னைப் பார்க்காமலே.

தம்பி அடுத்த வண்டியில் ஓடினான். சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஷெட்டிலிருந்து அப்படியே கரிக் கையோடு வந்து, உள்ளே வரத் தயங்கி அப்பா வீட்டு வாசலில் நின்றார். அப்பா தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்து அவர் கையில் ஊற்றினார். கரி போகவில்லை. இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றினார்.