முன்னறையை அக்காவுக்குக் கொடுத்த பொங்கல்

இந்தக் காலத்துப் பெயின்டுக்கு வாசனையே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? போன சங்கராந்தி விடுமுறைக்கு, செகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடாவில் என் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததென்று வீட்டையே புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மாதிரி சட்டை போட்ட நாலு பையன்கள் வந்து, சாமான்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, சத்தமில்லாமல் சுவரை உருட்டினார்கள். மருமகள் போனில் கலர் காட்டினாள். நான் சுவரருகே போய் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. "அம்மா, வெட் பெயின்ட்!" என்று மகன் கத்தினான். அதற்குள் மூக்கு நுனியில் சாம்பல் கலர்.

எங்கள் காலத்தில் வெள்ளையடிப்பதென்றால் தெருவுக்கே தெரியும். தகர டின்னில் சுண்ணாம்புக்கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது உறுமிக்கொண்டு கொதிக்கும். கிட்டே போனால் மூக்கு எரியும். ஆனாலும் போவோம். ஆறின பிறகு அம்மா அதில் கொஞ்சம் சொட்டு நீலம் விடுவாள். அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனையை நினைத்தால் எனக்குத் தீபாவளி ஞாபகம் வருவதில்லை, பொங்கல் ஞாபகம்கூட வருவதில்லை. செண்பகா அக்காவின் சிரிப்புதான் ஞாபகம் வரும்.

அப்போது நாங்கள் மல்காஜ்கிரிக்கு அப்பால், அப்பா வேலை பார்த்த மத்திய அரசுத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். திருநெல்வேலியிலிருந்து அப்பா வேலைக்கு வந்த ஊர்; நான் பிறந்த ஊர். ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, அடுப்படி, பின்னால் சாமான் உள் என்று நாங்கள் சொல்லும் சின்ன இருட்டறை ஒன்று. முன்னறையில் சிவப்பு ரெக்சின் சோபா செட். அதன்மேல் அம்மா பின்னிய வெள்ளை நூல் விரிப்பு. பள்ளித் தோழிகள் வந்தால் நான் அந்தச் சோபாவில் ராணி மாதிரி சாய்ந்துகொண்டு பேசுவேன். வீட்டு ஆட்களுக்கு அதில் உட்கார அனுமதி கிடையாது என்பதை அவர்களிடம் சொன்னதில்லை.

அந்த வருஷம் அக்கா கைக்குழந்தையோடு வந்து சேர்ந்திருந்தாள். கட்டிக்கொடுத்த இடத்தில் அத்தான் கை நீட்டுகிறவர். முதலில் எப்போதாவது, பிறகு சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும். ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டாள். அம்மா அக்கம்பக்கத்தில், "பிரசவத்துக்கு வந்தவ, உடம்பு தேறட்டும்னு வச்சிருக்கோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பிரசவக் குழந்தையோ பல் முளைத்து எங்கள் விரலைக் கடித்துக்கொண்டிருந்தது. யாராவது கதவைத் தட்டினால் அக்கா குழந்தையோடு சாமான் உள்ளுக்குள் போய்விடுவாள். யாரும் போகச் சொன்னதில்லை. வேண்டாமென்று தடுத்ததும் இல்லை.

அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தவர் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். பொங்கலுக்கு வருவதாகவும், அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய் விடப்போவதாகவும் சொல்லியனுப்பியிருந்தார். அண்ணன் குரல் கேட்டாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறவள் அம்மா.

போகியன்று காலையில் பழசைக் கழிக்கும் வேலை தொடங்கியது. சாமான் உள்ளிலிருந்து ஓட்டை வாளி, கிழிந்த காலண்டர், கால் போன ஸ்டூல் என்று வந்துகொண்டே இருந்தது. மொட்டை மாடிகளில் பிள்ளைகள் காற்றாடி விட்டுக் கூச்சலிட, நான் மனசை அங்கேயும் கையை இங்கேயும் வைத்துக்கொண்டு தூசி தட்டினேன். அம்மா, "இந்த மூட்டைகள நவுத்திட்டா செண்பாவும் பிள்ளையும் இங்கனயே படுத்துக்கிடலாம்" என்றாள்.

"எனக்கு இந்த மூலை போதும்ப்பா" என்றாள் அக்கா.

அப்பா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தார். அதிகம் பேசாத மனிதர். பகலெல்லாம் இயந்திரங்களின் இரைச்சலில் நிற்பவருக்கு வீட்டில் பேச்சு மிச்சமிருக்காது.

"மூலையா? எம்மவளுக்கு என்னத்துக்குட்டி மூலை?" என்றார். நேராக முன்னறைக்குப் போய் சோபாவை வாசலைப் பார்த்து இழுக்க ஆரம்பித்தார்.

அம்மா பதறிப்போனாள். "ஏங்க, வாரவங்க எங்க இருப்பாவ?"

"வாரவங்க தரையில இருக்கட்டும். இருக்கப்போறவளுக்குத்தான் அறை வேணும்."

எனக்குத்தான் அழுகை வந்தது. சோபாவுக்காக. "நக்கோ அப்பா!" என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு 'வேண்டாம்' என்று தமிழில் வராது.

பெரிய சோபா நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. சத்தம் கேட்டு எதிர்வீட்டு ராஜ்யம் ஆன்ட்டி வந்து, புது சோபா வாங்கப்போகிறோமா என்று தெலுங்கில் கேட்டாள். அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் அவளையே பார்த்தோம். அம்மா தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மா அம்மாயி வச்சேசிந்தி. இங்க வெள்ளது" என்றாள். எங்கள் பெண் வந்துவிட்டாள், இனிமேல் போகமாட்டாள். வரிசை வீடு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள். ஆன்ட்டி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு சோபாவின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள். அது நேராக அவள் வீட்டுக்கே போயிற்று. மறுநாள் தன் பழைய புடவை ஒன்றை வெட்டித் தைத்து ஜன்னலுக்குத் திரை கொண்டுவந்தாள்.

மத்தியானம் அக்காவும் நானும் டிஸ்டெம்பர் வாங்க செகந்திராபாத்துக்குப் பஸ்ஸில் போனோம். கடைக்காரர் ஹாலுக்கா, பெட்ரூமுக்கா என்று கேட்டார். அக்கா கொஞ்சம் யோசித்தாள். "மேரே கம்ரே கே லியே" என்றாள். என் அறைக்கு. மாம்பழ மஞ்சள் எடுத்தாள். கண்ணைக் குத்துமே என்று கடைக்காரர் சொல்லியும் கேட்கவில்லை.

போகி ராத்திரியே அடித்துவிட்ட சுண்ணாம்பின் ஈர வாசனை போவதற்குள், பொங்கலன்று சூரியனுக்குப் படைத்த கையோடு சுவருக்கு மஞ்சள் ஏறியது. அக்கா மேஜைமேல் ஸ்டூல் போட்டு ஏறி நின்றாள். நான் கீழே டின்னைத் தூக்கிப் பிடிக்க, பிரஷ்ஷிலிருந்து சொட்டியதெல்லாம் என் தலையில். "இப்ப நீதான்டி பொங்கப்பானை, மஞ்சக் கட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். வந்த இத்தனை மாதத்தில் அவள் பல் தெரிந்து அன்றுதான் பார்த்தேன். அப்பா பின்கட்டில் ரம்பத்தோடு உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலைக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பலகையைப் பிறகு ஊழியர்களுக்கே விற்றுவிடுவார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் பாதி மரச்சாமான் அந்தப் பலகையில் செய்ததுதான். அதில் குழந்தைக்கு ஒரு கட்டில் செய்தார். பலகையில் கறுப்பு மையில் குடைப் படமும் கண்ணாடிக் கோப்பைப் படமும் இருந்தன. இழைத்து அழிக்கலாமே என்று கேட்டேன். "நனையாம, உடையாம பாத்துக்கிடணும்னு அர்த்தம். இருக்கட்டும்" என்றார்.

மூன்றாம் நாள் மாமா வந்தார். கையில் மஞ்சள்குலையும் கரும்பும். வாசலிலேயே நின்றுவிட்டார். சோபா இருந்த இடத்தில் அக்காவின் கட்டில், மேஜைமேல் அவளுடைய பழைய கல்லூரிப் புத்தகங்கள், நடுவில் குழந்தை. நாலு பக்கமும் அந்த மஞ்சள்.

"எங்க உக்கார?" என்றார்.

"அடுப்படியில பாய் விரிச்சிருக்கேன், வாங்கண்ணே" என்றாள் அம்மா.

"பொம்பளப் பிள்ளய இப்படி வாசல்ல கொண்டு வச்சிருக்கியே, பாக்குதவன் என்ன நெனப்பான்?"

"பாக்கட்டும்னுதான் வச்சிருக்கு."

அம்மாவின் முந்தானை அன்று தோளைவிட்டு ஏறவில்லை. மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கைநகத்திலிருந்த மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே ஓடவில்லை. "வாங்க மாமா" என்று சொல்லிச் செருப்பைக் கழற்ற இடம்விட்டு நின்றாள். மாமா பாயில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார், இரண்டாம் முறையும் போடச்சொன்னார். கிளம்பும்போது குழந்தையின் கட்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல பலகை" என்று அப்பாவிடம் சொன்னார். அக்காவுக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் எடுத்து வந்திருந்தார். தனியாகத்தான் ஏறினார்.

அந்த அறையிலிருந்துதான் அக்கா பி.எட். படித்தாள். கணக்கு டீச்சரானாள். சாயங்காலம் அதே அறையில் டியூஷன். வாசல் முழுக்கப் பிள்ளைகளின் செருப்பு. அவள் மகள் இன்று டாக்டர். என் தோழிகள் அதற்குப் பிறகும் வந்தார்கள். தரையில் உட்கார்ந்து, சோபாவில் இருந்ததைவிடக் கூடுதல் நேரம் அரட்டையடித்தார்கள். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

இப்போது அப்பா இல்லை, அம்மா இல்லை. ராஜ்யம் ஆன்ட்டி குடும்பம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஷிஃப்டுக்குச் சங்கு ஊதுவதில்லை. வரிசை வீடுகளை இடித்து உயரமான கட்டடங்கள் வந்துவிட்டன. வழக்கமாக அந்தப் பக்கம் போனால் நானும் அக்காவும் வேறெதையாவது பேசிக்கொண்டு கடந்துவிடுவோம். போன மாதம் அக்கா ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். கம்பி கேட்டையும் வாட்ச்மேனையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூணே நாள்ல என்ன வேலை பாத்தாங்கடி அப்பாவும் அம்மாவும்" என்றாள். வகுப்பில் முதலில் வந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிற குரல் அது.

ஆட்டோக்காரர் திரும்பி, "இதரிச் உதர்னா க்யா அம்மா?" என்று, இங்கேயே இறங்கணுமா என்று கேட்டார்.

"நக்கோ பாய், சலோ" என்றாள் அக்கா.

இறங்கினால் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டாமா.