புத்தாண்டுக்கு மட்டும் திறக்கும் வாசல்

எங்கள் மக்காவ் நகரில் சூதாட்ட மேசையில் சீட்டுப் போடும் வேலை உள்ளூர்க்காரர்களுக்குத்தான். லாவ் சியோக் ஹான் பள்ளி முடித்த கையோடு அதில் சேர்ந்தவள். என் பக்கத்து மேசை. எழும்போது இரண்டு கைகளையும் தட்டி விரித்து, எதையும் ஒளிக்கவில்லை என்று மேலே உள்ள கேமராவுக்குக் காட்ட வேண்டும். அவள் வீட்டில் பாத்திரம் கழுவி முடித்தாலும் அப்படிக் காட்டுவாள். நாங்கள் கேலி செய்வோம்.

வேலை நேரம் போக, நாங்கள் எந்தச் சூதாட்ட விடுதிக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. சட்டம். சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாள் மட்டும் விலக்கு. எந்தப் புண்ணியவான் எழுதினானோ! அவள் புருஷன் குவான் பஸ் ஓட்டுகிறவன். அவனுக்குத் தடை ஏதும் கிடையாது.

புத்தாண்டுக்கு முந்தின நாள் காலை ஆஸ்பத்திரியில் அவன் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மகனைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனோ போனை அணைத்துவிட்டு ஒரு விடுதிக்குள் உட்கார்ந்திருந்தான். ஹான் அதன் வாசலில் போய் நின்றாள். கூடவே நானும். அங்கே காவலாளி சௌ, முன்பு எங்களோடு வேலை பார்த்தவர்.

"உள்ள விட்டா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும் தங்கச்சி. இரு, அம்மா கூப்பிடறாங்கன்னு நான் சொல்லிப் பாக்கறேன்."

போய் வந்தார். "இந்த ஆட்டம் முடிஞ்சதும் வர்றானாம்."

"அவன் எந்த ஆட்டத்தத்தான் முடிச்சிருக்கான்?" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சௌ மறுபடியும் போனார், மறுபடியும் அதே பதில். மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மாமியார் போய்விட்டாள்.

"இனி நீங்க போக வேணாம் அண்ணே," என்றாள் ஹான். "நாளைக்கு நானே சொல்லிக்கறேன்."

மறுநாள் சௌ புத்தாண்டு வாழ்த்துச் சொல்லி எங்கள் இருவருக்கும் வழிவிட்டார். குவான் கண் வீங்கி அங்கேயே இருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா வா. அம்மா எப்படி இருக்கா? நல்லதா இருந்தா மட்டும் சொல்லு. வருஷப் பொறப்பும் அதுவுமா கெட்டது காதுல விழக் கூடாது."

அறைவாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"அம்மா செத்துட்டாங்க. நேத்து மதியம்."

குவான் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு, "ஏன்டி, நீயே உள்ள வந்து என்னை இழுத்துட்டுப் போயிருக்கலாம்ல?" என்றான்.

"நான் உள்ள வரத்தான் சட்டம் விடல. நீ வெளிய வர யாரு விடல?"

சீட்டுப் போடும் பெண் பந்தயம் கேட்டுக் காத்திருந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை.