போதும்னு எங்க அமுக்குறது?

சுனாமிக்கு அடுத்த வருடம் மரக்காணத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். மீனவக் குப்பத்துப் பஞ்சாயத்துக்காரர் ஒருவர் அங்கே வருவார். வெயிலில் செம்பட்டையான மீசை. மவுஸைத் தொடுவதற்கு முன் விரலை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

அலையில் போன வலைக் கொட்டகையைத் திரும்பக் கட்ட, இணையத்தில் நிதி திரட்ட வந்திருந்தார். சில தளங்களைக் காட்டி, கமிஷன் குறைவானதைச் சிபாரிசு செய்தேன்.

"அது இருக்கட்டுங்க. வேண்டியது சேர்ந்துட்டா, போதும்னு எங்க அமுக்குறது?"

"எதுக்குங்க நிறுத்தணும்? வர்றது வரட்டுமே."

"அப்படித்தான் நிவாரணத் துணியும் வந்துச்சு. எங்க ஊர்ல யாருங்க கோட்டு போடுறாங்க? ரோட்டோரம் மக்கிக் கெடக்குது, பார்க்கலையா?"

தொகை நிறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும் தளம் ஒன்றே ஒன்று இருந்தது. அதில்தான் கமிஷன் அதிகம். அதையே எடுத்தார்.

தொகை சேர்ந்தது, பக்கமும் மூடிக்கொண்டது. அதன் பிறகு வெளிநாட்டுக்காரர் ஒருவர், இன்னும் பணம் அனுப்பட்டுமா என்று மெயில் போட்டிருந்தார். படித்துச் சொன்னேன்.

"நல்ல மனசு. போதும்னு எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மரியாதை குறையாமல் அதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று தெரியாமல், கடை சாத்தும்வரை உட்கார்ந்திருந்தேன்.