கால் முளைத்த படம்

என் மருமகள் ஒரு பெட்டியைத் தொட்டாள். அதன் காய்ச்சல் அந்தக் கணமே இறங்கி, உலக இணையமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. உலகம் என்பது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். செருப்புப் பெட்டி அளவில் ஒரே ஒரு பெட்டி. ஆனால் காய்ச்சல் நிஜம்.

புகைப்பட நிலையங்களிலிருந்து அச்சகத்துக்குப் படங்களை அனுப்பும் பெட்டி அது. கம்பி வழியாகப் பெரிய படம் அப்படியே போகாது; சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் விலாசச் சீட்டு ஒட்ட வேண்டும். இந்த வெட்டு ஒட்டு வேலை முழுவதையும் பெட்டியின் குட்டிப் பிராசஸர் ஒற்றை ஆளாகச் செய்து கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே, துண்டுகளைக் கம்பியில் ஏற்றிவிடும் நெட்வொர்க் அட்டை மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தது. அதற்கும் வெட்டத் தெரியும். யாரும் சொல்லவில்லை, அதுவும் செய்யவில்லை. எங்கள் வீட்டு ஆண்களைப் போலத்தான்.

அட்டையிடம் வேலை வாங்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். "இந்தா பெரிய கட்டு, இந்தா விலாசத்துக்கு மாதிரிச் சீட்டு, இந்த அளவில் வெட்டிக்கொள்" என்று அட்டைக்குச் சொல்லும் பகுதியை அதில் எழுதுவது மருமகள் பொறுப்பு. அதுவரை சோதனை மேசையில் உட்கார்ந்து அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே காலம் தள்ளியவளுக்கு, சொந்தமாகத் தப்பு செய்ய அதுதான் முதல் வாய்ப்பு.

"வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள வரலேன்னா, விசிறி மாட்டி அனுப்பிடுவோம். நீ பழைய மேசைக்கே போயிடும்மா" என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

எழுதினாள். பெட்டி குளிர்ந்தது. ஆனால் சோதனைக்கு அனுப்பிய அலுவலகக் குழுப்படம் கால் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. எத்தனை முறை அனுப்பினாலும் முழங்காலுக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. பழைய முறையில் அனுப்பினால் எல்லோருக்கும் கால் முளைத்துவிடும்.

"அப்படியே விட்டுடு" என்றாள் பக்கத்து இருக்கைத் தோழி. "மேலாளருக்குக் கால் இல்லேன்னா நம்ம பக்கம் நடந்து வரமாட்டாரு."

வெள்ளிக்கிழமை காலை. இவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கையில் என் மகனிடமிருந்து போன். வீட்டு வாசலில் சாவி இல்லாமல் நிற்கிறான்.

"சாவியக் காணோம். சரி, வச்சிடறேன்."

இவள் போனை வைத்துவிட்டாள். உடனே மறுபடியும் மணி.

"ஏன் கட் பண்ற? நான் இன்னும் விஷயத்துக்கே வரல! பக்கத்து வீட்ல கொடுத்தியா? சரி, வச்சிடறேன்."

வைத்தாள். மூன்றாம் முறை மணி அடித்தது.

"நீங்கதான வச்சிடறேன்னு சொன்னீங்க?"

"அது சும்மா பேச்சுக்குச் சொல்றது! கடைசியா சொல்லும்போதுதான் வைக்கணும்!"

மருமகள் எழுந்தே நின்றுவிட்டாள். வாசலில் நின்றவனை அப்படியே மறந்தாள். கம்பியில் போகும் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திரையில் பிரித்துப் பார்த்தாள். ஒரு படம் பல கட்டுகளாகத்தான் அட்டைக்குப் போகும்; அதில் கடைசிக் கட்டுக்கான மாதிரிச் சீட்டில் "முடிந்தது" என்று ஒரு குறி இருந்தது. அட்டை அதை அச்சுப் பிசகாமல் அந்தக் கட்டின் எல்லாத் துண்டிலும் ஒட்டியிருந்தது. அதன் முதல் துண்டைப் பார்த்ததுமே வாங்கும் பக்கத்துக் கணினி, "சரி, வச்சிட்டாங்க" என்று கதவைச் சாத்திவிட்டது. அந்தக் குறி கடைசித் துண்டுக்கு மட்டும் என்று அட்டைக்குச் சொல்ல ஓர் இடம் உண்டு. இவள் அதை நிரப்பாமல் விட்டிருந்தாள்.

நிரப்பினாள். படம் போனது. செருப்பு, கொலுசு, மேலாளரின் ஜோடி மாறிய காலுறை உட்பட அத்தனையும் வந்து இறங்கின.

மேலாளர் பெட்டிமேல் கை வைத்துப் பார்த்தார். "ஆன் பண்ணிட்டுச் சொல்லும்மா" என்றார்.

"ஆன்லதான் சார் இருக்கு. இவ்வளவு நேரம் உங்க காலைத்தான் அனுப்பிட்டிருந்துது."

விசிறி ரத்து. பழைய மேசையும் ரத்து.

இதை எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மகன் மட்டும் முறைத்தான்.

"எல்லாம் சரிம்மா. அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல. சாவியத் தொலச்சிட்டு வாசல்ல நின்னதும் நீ, வார்த்தைக்கு வார்த்தை வச்சிடறேன்னு சொன்னதும் நீ."