ஆறரை ஆயிரத்துக்கு என்னென்ன மாற்றுவீர்கள்?

டீயைக் குடித்துக்கொண்டே, பால் பாக்கெட் வந்ததா என்று விசாரிக்கிற தொனியில் என் கணவர் கேட்டார்: "ஆமா... நம்ம வண்டிக்கு டைமிங் பெல்ட்டு மாத்தியிருப்பாங்களா?"

கேட்டவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் அந்தக் கேள்வியைச் சுமந்து திரிந்தது நான்தான்.

போன வருடம் பெங்களூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் கார் அது. அதில்தான் தினமும் ஓசூரிலிருந்து சூளகிரிக்கு வேலைக்குப் போகிறேன். பின் சீட்டில் நான்கு வயது யாழினி. அவள் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம்தான். முன்னால் கன்டெய்னர், பின்னால் டிப்பர், பக்கத்தில் ஒரே பைக்கில் ஒரு முழுக் குடும்பம்... இந்த ஹைவேயில் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

டைமிங் பெல்ட் என்பது இன்ஜின் பாகங்களை ஒரே தாளத்தில் ஓடவைக்கும் ரப்பர் பட்டை. வயதானால் மாற்ற வேண்டும். அறுந்தால் பல கார்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். ஓடுகிற வண்டி சட்டென்று சக்தியிழந்து நிற்கும். இன்ஜின் போகட்டும்... நடு லேனில் நிற்கிற காரின் பின் சீட்டில் யார் இருக்கிறாள்?

பழைய ஓனருக்கு போன் செய்தேன். "மாத்தின ஞாபகம் இருக்கு மேடம்" என்றார்.

ஞாபகம்! கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். இன்னொருவர் ஞாபகத்தை நம்பி ஹைவேயில் ஏறுவேனா?

சரி, மாற்றிவிடலாம். எவ்வளவு ஆகும்?

கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருபத்திரண்டாயிரம் என்றார்கள். பாகலூர் ரோட்டில் ஒரு கேரேஜில் பதினைந்து. கணவரின் நண்பர்கள் வண்டியைச் சர்வீஸுக்கு விடுகிற நாராயணப்பா அண்ணன் ஷெட்டில் ஆறரை. ஒரே கார், ஒரே பெல்ட் - விலை மட்டும் மூன்று மடங்குக்கு மேல் தாவுகிறது!

நான் வேலை பார்ப்பது ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில். மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பிடுவதுதான் பிழைப்பு. வீட்டிலும் மூன்று கட்டம் போட்டு எழுதினேன்.

"காருக்கும் கம்பேரிசன் ஷீட்டா? கையெழுத்து போட உங்க மேனேஜர வரச்சொல்லட்டா?" என்றார் கணவர், எட்டிப் பார்த்து.

"கிண்டல் அப்புறம். யாருக்குக் குடுக்கறது, சொல்லுங்க."

"கம்மியா சொன்னவருக்கு. உங்க ஆபீஸ் ரூலே அதானே?"

ரூல் அதுதான். ஆனால் அவர் சொன்னது ரூலின் பின்பாதி. மூன்று பேரும் ஒரே பொருளுக்கு விலை சொல்லியிருக்க வேண்டும் என்பது முன்பாதி. ஒரு போல்ட் வாங்கக்கூட அளவு, கிரேடு, கோட்டிங் எல்லாம் எழுதி அனுப்புகிறவள் நான். என் மகள் உட்காரும் காருக்கு என்ன எழுதி அனுப்பியிருந்தேன் தெரியுமா? "டைமிங் பெல்ட் மாத்த எவ்ளோ ஆகும்?" அவ்வளவேதான்.

மறுபடி எல்லோருக்கும் போன்.

சர்வீஸ் சென்டர் பெண் பட்டியலை வாசித்தாள். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது உருண்டு ஓடும் பேரிங், அதே பெல்ட் சுற்றும் வாட்டர் பம்ப், கூலன்ட், வீல் அலைன்மென்ட், இன்டீரியர் க்ளீனிங்...

"பெல்ட் மாத்தறதுக்கு எதுக்குங்க இன்டீரியர் க்ளீனிங்?"

"பேக்கேஜ்ல வருது மேடம்."

"எடுத்துட்டா?"

"கேட்டா எடுத்துடுவோம் மேடம்."

வேண்டாததை எடுத்ததும் பதினேழாயிரம். பாகலூர் ரோட்டுப் பதினைந்தில் தேவையான எல்லாமே இருந்தது.

நாராயணப்பா அண்ணன், "ஒந்து நிமிஷ" என்று யாரிடமோ கன்னடத்தில் சொல்லிவிட்டு லைனுக்கு வந்தார்.

"அண்ணே, ஆறரை ஆயிரத்துக்கு என்னென்ன மாத்துவீங்க?"

"பெல்ட்டு. அப்பறம் கூலி."

"டென்ஷனர், பேரிங், வாட்டர் பம்ப்?"

"நீங்க அதெல்லாம் கேக்கலியே மேடம். தோசை எவ்ளோன்னு கேட்டா, வடைக்கும் சேத்தா வெல சொல்லுவாங்க?"

"பெல்ட் மட்டும் மாத்தினா போதுமா?"

"போதாது."

"அப்ப ஏண்ணே முன்னாடியே சொல்லல?"

"எல்லாம் சேத்தா பதிமூணு ஆவும். பதிமூணுன்னா நீங்க அடுத்த ஷெட்டுக்கு போன் போடுவீங்க. வண்டி வந்தப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தன்."

கோபம் வந்தது. ஆனால் யார் மீது? நாம் கேட்பது ஒரே ஒரு எண். சின்ன எண் சொல்பவரிடம் வண்டியை விடுகிறோம். முழுதாகச் சொல்பவரை ஏமாற்றுக்காரர் என்கிறோம். பிறகு அவர்களும் நமக்குப் பிடித்த எண்ணைத்தானே சொல்வார்கள்?

ஆக, என் காருக்கு நியாயமான செலவு பதிமூன்றிலிருந்து பதினேழுக்குள். உங்கள் காருக்கு வேறாக இருக்கலாம். சில கார்களில் பெல்ட்டே கிடையாது, செயின்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் எதெல்லாம் சேரும்?

ஒரே பட்டியலுக்கும் அவர் விலையே கம்மி என்பதால், வண்டியை நாராயணப்பா அண்ணனிடமே விட்டேன். பழைய பாகங்களை என் கையில் தர வேண்டும் என்பது நிபந்தனை. சனிக்கிழமை லீவு போட்டு, குழந்தைக்கு ஊசி போடும்போது நிற்பதுபோலப் பக்கத்திலேயே நின்றேன்.

பழைய பெல்ட் வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை! எனக்கு முகம் விழுந்துவிட்டது. வீண் செலவா?

"இது இன்னும் ஓடியிருக்குமாண்ணே?"

"ஓடியிருக்கும்" என்றவர், பேரிங்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "இத சுத்திப் பாருங்க."

சுற்றினேன். உள்ளே மணலைப் போட்டு அரைப்பதுபோல கரகரவென்றது.

"இது சிக்கி நின்னா புது பெல்ட்டு கூட அறுந்துரும் மேடம்."

இன்னொரு முறை சுற்றிப் பார்த்தேன். ஆறரை ஆயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று நின்றிருந்தால், பளபளப்பான புது பெல்ட்டை அதே பேரிங் மீது ஓடவிட்டு நிம்மதியாக ஹைவேயில் ஏறியிருப்பேன்.

"கடைசில கம்மியா சொன்னவர்கிட்டதானே குடுத்த?" என்றார் கணவர், விடாமல்.

"அவர்கிட்டதான். அந்த வெலைக்கு இல்ல."

திங்கட்கிழமை காலை. வழக்கமான கன்டெய்னர், வழக்கமான டிப்பர். நான் தினமும் பயந்துகொண்டே கடக்கிற மேம்பாலத்தில், பின் சீட்டிலிருந்து யாழினி "அம்மா, லாரில எத்தன மாடு பாரு!" என்று கத்தினாள். அவளோடு சேர்ந்து எண்ணிக்கொண்டே சூளகிரி போய்ச் சேர்ந்தேன்.

பதிமூன்றாயிரம் கொடுத்து நான் வாங்கியது, எதுவுமே நடக்காத ஒரு திங்கட்கிழமை - விலை கட்டுப்படியாகிறது.