பேசாத சாப்பாட்டு மேசை

மெல்பனுக்கு வெளியே, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவில் இருக்கும் துறவிகள் மடத்துக்கு மகள் என்னைக் கூட்டிப்போனாள். கட்டடம் புதிது. ஒழுங்கு மட்டும் மிகப் பழையது, சாப்பிடும்போது பேசக்கூடாது. துறவி ஒருவர் உப்பைக் கையால் காட்ட, பக்கத்தில் இருந்தவர் நகர்த்தினார். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு மன்னாரில் எங்கள் வீட்டுக் குசினியில் சமைத்துச் சாப்பிட்ட காலம் ஞாபகம் வந்தது. என்னைக் கன்னியர் மடத்தில் விட்டுப் படிப்பிக்க அப்பா நினைத்தார். அம்மா சம்மதிக்கவில்லை. அதோடு இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆனால் சாப்பாட்டுக்கு ஒன்றாகத்தான் இருப்பார்கள். மீன்குழம்புச் சட்டிக்கும் அப்பாவின் தட்டுக்கும் நடுவில் நான்.

“கொப்பரிட்டக் கேள், குழம்பு காணுமோ, இன்னும் விடவோ எண்டு” என்பாள் அம்மா.

“காணும் எண்டு கொம்மாட்டச் சொல்லு” என்பார் அப்பா.

ஒரு மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. படிக்க எனக்கு நல்ல விருப்பம். ஆனாலும் ஒருநாள் சட்டியைத் தள்ளிவைத்தேன்.

“நான் ஒரு இடமும் போகேல்ல. இனி நீங்களே கதையுங்கோ!”

அப்பா அம்மாவை நேராகப் பார்த்தார். “உன்ர வாய்தான் இவளுக்கும்.”

“ஓம், உங்கட பிடிவாதம் இல்லையாக்கும்!” என்றாள் அம்மா.

அன்று அவர்கள் சாப்பிட்டு முடிக்க வெகுநேரமானது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தது; என் படிப்பும் அதோடு நின்றது.

திரும்பி வரும்போது காரில் மகள் கேட்டாள்: “நல்ல பீஸ்ஃபுல்லா இருந்தது, என்னம்மா?”

“அவையளுக்குச் சரி” என்றேன். “எனக்கெண்டால், சாப்பிடேக்க ஆராவது சண்டையாவது பிடிக்கவேணும்.”